தாழ்வாரத்து நிழல்

எல்லோருக்கும் வணக்கம்.

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவரையும் காகிதப்பூக் கொடியையும் தேடிப் போகிறார்கள். போட்டோ எடுத்து, பீச் ரோட்டில் நடந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வீதிகள் அழகானவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வராதவர்கள் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நம் வீதிகள் நூல் பிடித்தது போல நேராக இருப்பதற்குப் பிரெஞ்சுக்காரர்களைப் பாராட்டுவது வழக்கம். 1693ல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டம் அது. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதன் மேல் கட்டினார்கள். 1761ல் ஆங்கிலேயர் ஊரை இடித்துப் போட்டார்கள். மறுபடி எழுப்பிய ஊரில்தான் இன்று நாம் இருக்கிறோம். குறுக்கு வீதிகள் நேரே கடலுக்கு ஓடுவதால், கடற்காற்று எழும்பினால் தடையில்லாமல் உள்ளே வருகிறது.

வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில், வீடு உயரமான மதிலுக்குப் பின்னால் இருக்கும். மேற்கே, தமிழர் பகுதிக்கு வந்தால் வீடு வீதியிலேயே தொடங்கிவிடும். முதலில் தாழ்வாரம். மரத்தூண் நட்டு, ஓடு வேய்ந்து, நடைபாதை மேல் இறக்கியது. செலவு வீட்டுக்காரருடையது; நிழலில் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அப்புறம் திண்ணை. அதைத் தாண்டித்தான் வாசற்கதவு, அதற்குள்ளே வானம் பார்த்த முற்றம். அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் ஒட்டி நின்ற காலத்தில், மழையில் குடை இல்லாமல் எங்கள் வீதியின் கோடிவரை நடந்திருக்கிறேன்.

இரண்டு பாணியும் ஒரே கூரைக்குள் சேர்ந்ததைப் பார்க்க ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைக்குப் போக வேண்டும். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736லிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். கீழே நம் ஊர் முற்றமும் மரத்தூண்களும், மாடியில் பிரெஞ்சு முறைப்படி காரைத்தூண்கள். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் நிற்கின்றன.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். தாத்தா வீட்டுக் கூரை மெட்ராஸ் தளம். மரச்சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சாய்வாக அடுக்குவார்கள். அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். ஒரு மழைக்கு அது ஒழுகியது. வந்த கொத்தனார் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துப் போட்டது. சட்டம் சுவருக்குள் செருகியிருக்கும் முனை உளுத்தது, விரலால் குத்தினால் மாவாகக் கொட்டியது. மூன்றாவது மழைக்கு அந்த அறை போனது. இடித்துவிடலாம் என்றார் சித்தப்பா. நானும் சரி என்றேன். திண்ணை இருந்த இடத்தில் இப்போது ஷட்டர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், சரிந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. பழைய தோற்றத்திலேயே அதைத் திரும்ப எழுப்பியும் விட்டார்கள். நம் வீதியில் ஒரு தாழ்வாரம் போனால், பக்கத்து வீட்டுக்குக்கூட அது சேதியாவதில்லை.

ஆனால் வைசியாள் வீதியைப் பாருங்கள். மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து தாழ்வாரங்களையும் முகப்புகளையும் மீட்டார்கள். 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது அந்த வீதிக்குக் கிடைத்தது. ஒரு சாயங்காலம் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய் நடந்துவிட்டு வாருங்கள்.

இங்கே பழைய வீடு வைத்திருப்பவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரியும். இந்த ஐப்பசியில் மச்சு ஒழுகினால், தயவுசெய்து சிமெண்ட் மூட்டைக்கு ஆள் அனுப்பாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை முதலில் கூப்பிட்டுக் காட்டுங்கள். சட்ட முனையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடிக்கலாமா என்பதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.