கக்கூசு வந்த வழி

அவையோருக்கு வணக்கம். தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள், பரவாயில்லை. சின்ன வயதில் விருந்தாளிகள் நடுவே இந்தச் சொல்லைச் சொல்லிப் பாட்டியிடம் குட்டு வாங்கியவன் நான். “கொல்லைக்குன்னு சொல்லுடா” என்றார். இன்று மேடையேறி அதையே சொல்கிறேன்.

கக்கூசு டச்சுக் கூட்டுச்சொல். ‘கக்’ என்றால் மலம், ‘ஹுயிஸ்’ என்றால் வீடு. எதையும் வீடாக்கிவிடுவது டச்சுக்காரர் வழக்கம். நோயாளிகளின் வீடு ‘ஸீக்கன்ஹுயிஸ்’, அதாவது மருத்துவமனை. அநாதைப் பிள்ளைகளின் வீடு ‘வேஸ்ஹுயிஸ்’. மூட்டை அடுக்கும் கிடங்கு ‘பக்ஹுயிஸ்’. இதில் முதலெழுத்து தவறினால் சரக்கே மாறிவிடும்!

நம் குழந்தைகளும் ‘கக்கா’ என்கின்றனவே, இது தமிழாகவே இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். சரி, முன்பாதியை அப்படிச் சமாளித்துவிடலாம். அப்புறம் ‘ஊசு’ எங்கிருந்து வந்தது? அங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

அந்த ‘ஊசு’தான் எனக்குப் பிடித்த இடம். ஹுயிஸ் என்பதை இன்றைய டச்சுக்காரர் ஏறக்குறைய ‘ஹௌஸ்’ போல ஒலிக்கிறார். பழைய நாளில் உதட்டைக் குவித்து ‘ஹூஸ்’ என்றார்கள். கிழக்கு வட்டாரங்களில் இன்னமும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. நம் காதில் விழுந்தது அந்த ஒலி. ‘ஹ’ நமக்கு ஒத்துவராது, முன்னே இருந்த ‘க்’ அதை விழுங்கிவிட்டது. கக்-ஹூஸ், கக்கூசு. சாட்சி வேண்டுமா? சட்டைப்பையில் கையை விடுங்கள். ‘துட்டு’ இருக்கிறதல்லவா? அது அவர்களுடைய ‘துயிட்’ என்ற செப்புக்காசு. அங்கேயும் ‘உயி’ நம்மிடம் ‘உ’ ஆகிவிட்டது. ஏட்டைப் பார்த்து எடுத்த சொற்களாக இவை எனக்குத் தெரியவில்லை, வாய்கேட்டுப் பிடித்தவை.

கேட்க நாள் நிறைய இருந்தது. பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658-இல் தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மூன்றும் போர்த்துக்கீசியரிடமிருந்து இவர்கள் கைக்கு வந்தன. நாகை 1781 வரை, யாழ்ப்பாணம் 1795 வரை அவர்களிடமே இருந்தது. ஈழத்தில் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும் அவர்கள் விட்டுப்போனதுதான்.

இந்தோனேசியாவிலும் இதே ஆட்கள், இதே வீடு, அங்கே ‘காக்குஸ்’. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் போய் இறங்கி நம் சொல்லைச் சொல்லி வழி கேட்காதீர்கள். அங்கே அது இன்று நாலு பேர் முன் சொல்லக் கூசும் சொல். ‘வே-சே’, அதாவது W.C., என்று கேட்டால் கதவைக் காட்டுவார்கள்.