நுரையீரல் புற்றுநோயில் இரும்பு சார்ந்த செல் மரணம்

அவையோருக்கு வணக்கம். ஃபெரப்டோசிஸ் என்று 2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர் பெயரிட்ட செல் மரணத்தைப் பற்றிப் பேசுகிறேன். செல்லுக்குள் கட்டுப்படாமல் திரியும் இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து ராடிக்கல்கள் எனும் வீரியமான, நிலையற்ற மூலக்கூறுகளைப் பிறப்பிக்கிறது. அவை செல்சவ்வின் கொழுப்பைத் தாக்க, நாள்பட்ட எண்ணெய் காறுவது போலச் சவ்வு கெட்டு, கடைசியில் கிழிகிறது.

இதைத் தடுக்கும் முதல் அரண் ஜி.பி.எக்ஸ்.4 என்ற செலினியம் நொதி. அது வேலை செய்யக் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் வேண்டும். குளூட்டாதயோனுக்குச் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் வேண்டும். அந்தச் சிஸ்டைனை உள்ளே கொண்டுவருவது செல்சவ்விலுள்ள எஸ்.எல்.சி.7.ஏ.11 என்ற கடத்திப் புரதம். இந்த அரணை உடைத்துக் கட்டியின் செல்லைச் சாகவைப்பதே நோக்கம். எராஸ்டின் என்ற வேதிப்பொருள் இந்தக் கடத்தியை அடைக்கிறது, ஆர்.எஸ்.எல்.3 என்ற வேதிப்பொருள் ஜி.பி.எக்ஸ்.4 நொதியையே முடக்குகிறது.

நுரையீரல் கட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி பணிவதில்லை. அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகையில் 230 கட்டிகளை அலசிய 2014 மரபணு ஆய்வில் 17 விழுக்காட்டில் கீப்1 என்ற மரபணு பிறழ்ந்திருந்தது. கீப்1 பழுதானால் அது அடக்கிவைக்கும் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் ஓயாமல் இயங்கி, சிஸ்டைன் கடத்தியைக் கூட்டிவிடும். அத்தகைய கட்டியில் எராஸ்டின் வகை மருந்து சோர்ந்துபோவதில் வியப்பில்லை. 2019-இல் எஃப்.எஸ்.பி.1 என்ற புரதமாகிய இரண்டாவது அரணும் தெரியவந்தது, ஜி.பி.எக்ஸ்.4 விழுந்தாலும் அது கோ-என்சைம் கியூ10 வழியாகச் சவ்வைக் காக்கும். ஆகவே கட்டியின் பிறழ்வைப் பார்க்காமல் மருந்தைத் தேர்வது வீண் என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வேறொரு இடம். ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கும் மாத்திரைக்குப் பின் சாகாமல் பதுங்கி நிற்கும் செல்கள், உயிர்வாழ ஜி.பி.எக்ஸ்.4-ஐ வெகுவாக நம்பியிருப்பதாக 2017-இல் ஆய்வகத்தில் கண்டார்கள். நோய் திரும்புவதற்கு விதை அவைதானே!

ஆய்வக நண்பர்களுக்கு ஒன்று. செல் செத்தது என்பது மட்டும் ஃபெரப்டோசிஸுக்குச் சான்றாகாது. ஃபெரப்டோசிஸைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 என்ற பொருளை 1 மைக்ரோமோலார் அளவில் சேர்த்தால் மரணம் நிற்க வேண்டும். டெஃபெராக்சமைனால் இரும்பைப் பிடித்துவைத்தாலும் நிற்க வேண்டும். அப்போப்டோசிஸ் என்ற வேறு வகைச் செல் மரணத்தை நிறுத்தும் காஸ்பேஸ் தடுப்பியால் நிற்கக் கூடாது. செல்களை வளர்க்கும் ஊடகத்தில் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் என்ற வேதிப்பொருள் இருந்தால் சிஸ்டைன் வேறு வழியில் நுழைந்து எராஸ்டினைப் பொய்யாக்கிவிடும். செல்கள் நெருக்கமாக வளர்ந்திருந்தாலும் மரணம் குறையும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் விதையுங்கள்.

சிகிச்சைக்குப் பெரிய தடை, நல்ல செல்களுக்கும் இதே அரண்தான் என்பது. ஜி.பி.எக்ஸ்.4 நீக்கப்பட்ட வளர்ந்த எலிகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்கின்றன. கட்டியை எதிர்க்கும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கும் அந்த நொதி தேவை. மருந்தைக் கட்டிக்குள் மட்டும் சேர்க்கும் வழி அமையும்வரை இது பொதுவான சிகிச்சையாகாது. இதைக் கேட்டுவிட்டு நோயாளிகள் யாரும் தாமாக இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம். கட்டி வளர்வதற்கும் இரும்பு வேண்டும்.