ரத்தக் குழாய்க்கு ஓர் உள்தோல் உண்டு

வணக்கம் நேயர்களே.

விடியற்காலையில் தாராவி 90 ஃபீட் ரோடு பக்கமிருந்து இட்லி அண்டாவோடு சைக்கிள் மிதிக்கிறவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார். அறுபதை நெருங்குகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாலு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லா அட்டையும் பாதி காலி. ஒன்று மட்டும் பிரிக்காமல் முழுசாக இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று அது.

"இதை ஏன் அண்ணாச்சி சாப்பிடவில்லை?" என்றேன்.

"கொழாய்ல இருந்த அடைப்பத்தான் எடுத்தாச்சுல்லா டாக்டரம்மா. ரத்தம் நல்லாத்தான ஓடுது? இனி எதுக்கு அது? வெலயும் கூட."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பெரிய இரும்புக் குழாய் போகிறது. பிள்ளைகள் அதன் மேலேயே நடந்து பள்ளிக்கூடம் போகும். குழாய் என்றால் அவருக்கு அதுதான். உள்ளே அழுக்கு சேர்ந்தால் அடைக்கும், அடைப்பை எடுத்தால் ஓடும். நம் மொழியிலும் அந்த நோய்க்குப் பெயரே மார்-அடைப்பு.

அந்த இரும்புக் குழாய்க்கும் நம் ரத்தக் குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். இரும்புக் குழாய்க்குத் தனக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது. ரத்தக் குழாய்க்குத் தெரியும். அதற்கு உள்ளே ஒரு தோல் இருக்கிறது. ஒரே ஒரு செல் கனம்தான். இதயத்தின் உள்சுவரிலிருந்து, ஒரு சிவப்பணு நெளிந்து போகிற அளவே உள்ள தந்துகி வரைக்கும், ரத்தம் தொடுகிற இடமெல்லாம் இந்தத் தோல்தான் விரித்திருக்கிறது. மருத்துவத்தில் எண்டோதீலியம் என்போம். நான் உள்தோல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தச் செல்களை நான் முதன்முதலில் உயிரோடு பார்த்தது மாணவியாக இருந்தபோது. பிரசவ வார்டிலிருந்து தொப்புள்கொடி வரும். குழந்தை பிறந்ததும் குப்பைக்குப் போகவேண்டிய கொடி. அதற்குள் இரண்டு தமனி, ஒரு சிரை. சிரைக்குள் மெல்லிய குழலைச் செருகி, உப்புநீர் விட்டு ரத்தத்தைக் கழுவுவோம். பிறகு செல்களை ஒட்ட வைத்திருக்கிற பிடிமானத்தைத் தளர்த்துகிற ஒரு நொதியை நிரப்பி, இரண்டு முனையையும் கவ்வி, உடம்புச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிஷம் வைப்போம். வெளியே வரும் திரவம் பார்க்க வெறும் கலங்கல் தண்ணீர். அதைத் தட்டில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, நாலைந்து நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், தட்டு முழுக்க ஒன்றையொன்று இடிக்காமல், இடைவெளியும் விடாமல், தளம் பாவின கல்லைப் போல செல்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறவே ஏறாது. பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். இன்றும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இதே கொடி, இதே வேலைதான் நடக்கிறது.

அந்தத் தட்டின் மேல் திரவத்தை ஒரே திசையில் ஓடவிட்டால் இன்னொன்றும் தெரியும். கல்லைப் போல் இருந்த செல்கள் ஒரு நாள் போவதற்குள் நீண்டு, ஓட்டத்தின் திசைக்கே ஒருக்களித்துப் படுத்துவிடும். வயலில் ஒரே பக்கம் காற்றடிக்கும்போது நாற்று சாய்கிற மாதிரி. தன்மேல் என்ன உரசிப் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அதற்குத் தெரிகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தெரிந்து என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு விடை வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்று ஒரு விஞ்ஞானி. முயலின் பெருந்தமனியைச் சுருள் பட்டையாக வெட்டி, மருந்து விட்டு, அது சுருங்குகிறதா தளர்கிறதா என்று பார்ப்பது அவருடைய பல வருஷ வேலை. அசிட்டைல்கோலின் என்ற மருந்தை விட்டால் அவருடைய பட்டை எப்போதும் சுருங்கும். உயிருள்ள பிராணிக்குக் கொடுத்தாலோ ரத்தக் குழாய் தளரும். இந்த முரண் அவருக்கு விளங்கவே இல்லை. 1978இல் ஒரு நாள், வளையமாக நறுக்கின துண்டில் அதே வகை மருந்தை விட்டபோது அது தளர்ந்தது. ஏன் என்று தேடினார்கள். பட்டை வெட்டும்போது உள்பக்கம் விரலிலோ மேசையிலோ உரசியிருக்கிறது. அந்த உரசலில் உள்தோல் உரிந்து போயிருக்கிறது. வளையத்தில் அது உரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவர் செய்ததுதான் அழகு. உள்தோல் உரித்த பட்டை ஒன்று, உரிக்காத பட்டை ஒன்று, இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்ட வைத்து மருந்தை விட்டார். உரித்த பட்டையும் தளர்ந்தது. அப்படியானால் உள்தோலிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் போய்ப் பக்கத்துத் தசைக்குச் சொல்கிறது. 1980இல் இதை வெளியிட்டார். அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது 1987 வாக்கில் உறுதியானது. சில விநாடிதான் அதற்கு ஆயுள். உள்தோல் அதை நாள் முழுக்க, நாம் தூங்கும்போதும், தயாரித்துக்கொண்டே இருக்கிறது. குழாய்த் தசையைத் தளர்த்தும், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், வெள்ளணுக்களை விலக்கி வைக்கும். 1998இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் நோபல் பரிசு.

நெஞ்சு வலிக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அது உடம்புக்குள் போய்க் கொடுப்பதும் இதே நைட்ரிக் ஆக்சைடைத்தான். உள்தோல் சரியாகச் செய்யாத வேலையை மாத்திரை கொஞ்ச நேரத்துக்குச் செய்துவிட்டுப் போகிறது.

இப்போது நோய்க்கு வருகிறேன். கொழுப்பு குழாய்க்குள் படிகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், சமையலறைச் சாக்கடையில் எண்ணெய் படிகிற மாதிரி. அது படிவது குழாய்க்குள் இல்லை, சுவருக்குள். உள்தோலுக்கு அடியில். சிகரெட் புகை, கட்டுப்படாத சர்க்கரை, ஏறிய ரத்த அழுத்தம், கூடின கெட்ட கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்து முதலில் இந்தத் தோலைத்தான் கெடுக்கின்றன. கெட்ட தோல் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகத் தரும். கொலஸ்ட்ரால் துகள்கள் அதைக் கடந்து அடியில் போய்த் தங்கும். வழக்கமாக வழுக்கென்று இருக்கிற தோல், இப்போது ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை மேலே நீட்டும். அந்த வழியாகப் போகிற வெள்ளணுக்கள் அதில் சிக்கி, உள்ளே இறங்கி, கொலஸ்ட்ராலைத் தின்று தின்று ஊதிப்போய் அங்கேயே மடியும். சுவர் வீங்கும். பல வருஷம் இது சத்தமில்லாமல் நடக்கும்.

எங்கே நடக்கும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நேரான குழாயில் குறைவு. கிளை பிரிகிற இடத்தில் அதிகம். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிற இடம், இதயத் தமனி கிளைக்கிற இடம். அங்கெல்லாம் ரத்தம் ஒரே திசையில் போகாமல் சுழித்துத் திரும்பும். நான் சொன்னேனே, ஓட்டத்தின் திசைக்குப் படுக்கிற செல்கள் என்று, அவற்றுக்கு அங்கே எந்தப் பக்கம் படுப்பது என்று தெரிவதில்லை. அந்த இடத்தில்தான் தோல் முதலில் கெடுகிறது.

கடைசியில் ஒரு நாள் வீக்கத்தின் மேல்மூடி கிழியும், அல்லது தோல் உதிர்ந்துபோகும். அதன்மேல் தட்டணுக்கள் குவிந்து ரத்தம் உறையும். அதுதான் மாரடைப்பு. பாதிகூட அடைபடாத குழாயிலும் இது நடக்கும். போன வாரம் வரை நல்லா இருந்தாரே என்று துக்க வீட்டில் சொல்கிறோமே, பல நேரம் அது உண்மைதான்.

இந்தத் தோல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 1992இல் லண்டனில் டேவிட் செலர்மாயரும் சகாக்களும் வெளியிட்டது. முன்கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிஷம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, சட்டென்று விடவேண்டும். ரத்தம் பாய்ந்து வரும்போது உள்தோல் அந்த வேகத்தை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடை விடும், முழங்கைக்கு மேலே உள்ள தமனி விரியும். ஒலியலைக் கருவியில் அதை அளப்போம். நான் ஓர் ஆய்வுக்காக இதைச் செய்துகொண்டிருந்தபோது செம்பூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், அண்ணன் தம்பி. இருவருக்கும் முப்பதைச் சுற்றித்தான் வயது. தம்பியின் தமனி 4.0 மில்லிமீட்டரிலிருந்து 4.3க்கு விரிந்தது. அண்ணன் தினம் ஒரு பாக்கெட் சிகரெட். அவருடையது தொடக்கத்தில் 4.1. ஒரு நிமிஷம் பார்த்தேன், இரண்டு நிமிஷம் பார்த்தேன், அதே 4.1. அவருக்கு நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ எதுவுமே கிடையாது. திரையில் தெரிந்த அந்த அசையாத கோட்டை அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். இது ஆய்வுக்கான சோதனை நேயர்களே, லேபில் போய்க் கேட்டு அலைய வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துக்கொண்டாலே உங்கள் உள்தோலின் நிலவரம் ஓரளவு தெரிந்துவிடும்.

ஆண்களிடம் ஒன்று சொல்லவேண்டும். தாம்பத்தியத்தில் குறி விறைப்பு குறைவதும் பல பேருக்கு இந்த உள்தோல் கெடுவதால்தான். அங்கே உள்ள தமனி இதயத் தமனியைவிடச் சிறியது. அதனால் அது சில வருஷம் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும். வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கி அதற்கான மாத்திரையை மட்டும் போடாதீர்கள். சார்பிட்ரேட் எடுக்கிறவர் அதையும் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

மழைக்காலம் வருகிறது என்பதால் இன்னொரு வார்த்தை. டெங்குவில் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே விசாரிக்கிறோம். ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த உள்தோலின் கசிவு. செல்களுக்கு இடையே வழிவிட்டு, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போய்விடும். அதுவும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில். காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாகிற அந்த ஒன்றிரண்டு நாளில் வயிற்று வலியோ விடாத வாந்தியோ இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். தினம் இரண்டு கட்டு பீடி. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்று நின்று போவார். 1994இல் கால் விரல் கறுத்துப்போய், காலில் பைபாஸ் செய்தார்கள், அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாய் வைத்து. ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொன்னது, அடைப்பைச் சரி பண்ணியாச்சு, வீட்டுக்குப் போகலாம் என்பதுதான். அப்பா வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பீடியைப் பற்றவைத்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. இரண்டே வருஷத்தில் அந்தக் கால் போய்விட்டது.

அவர் தோலை அறிந்த மனிதர். ஒரு தோலை விரலால் தடவியே எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்வார். அவரிடம் யாராவது, ஐயா, உங்கள் குழாய்க்கு உள்ளே ஒரு தோல் இருக்கிறது, பீடிப் புகை அதைத்தான் அரிக்கிறது, இன்றைக்கு வைத்த குழாய்க்கும் அதே கதிதான் வரும் என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். பீடியை விட்டிருப்பாரா என்பது வேறு. புரிந்திருக்கும்.

அதனால்தான் இட்லிக்கார அண்ணாச்சியை அன்றைக்கு அரை மணி நேரம் உட்கார வைத்தேன். ஸ்டென்ட் என்பது உலோக வலை. வலையை விரிக்கும்போது அந்த இடத்து உள்தோல் நசுங்கிப் போகிறது. ரத்தம் வெறும் உலோகத்தைத் தொட்டால் உறையப் பார்க்கும். சதை வளர்ந்து மறுபடி குறுகிவிடக் கூடாது என்பதற்காக வலையில் மருந்து பூசியிருக்கிறார்கள். அந்த மருந்து புதுத்தோல் வளர்வதையும் தாமதப்படுத்தும். தோல் வந்து வலையை மூடுகிற வரைக்கும் ரத்தம் உறையாமல் காக்கிற வேலையை இரண்டு மாத்திரைகள் பார்க்கின்றன. மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்ட் என்றால் வழக்கமாக ஒரு வருஷம். யாருக்கு எத்தனை மாதம் என்பதை அவரவர் இதய டாக்டர்தான் சொல்லவேண்டும். பல் பிடுங்க வேண்டும், காசு இல்லை, ஊருக்குப் போகிறேன், எந்தக் காரணத்துக்கும் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. விலைதான் சிரமம் என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். அதே மருந்து விலை குறைந்த கம்பெனியில் கிடைக்கும், ஜன் ஔஷதிக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

புகையிலையை விட்டவர்களுக்கு இந்தத் தோல் ஓரளவு தேறி வருகிறது. நடக்கிறவர்களுக்கும் அப்படித்தான். நடக்கும்போது ரத்தம் வேகமாக உரசிப் போகிறது, அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கிறது. மாதுங்கா பூங்காவில்தான் நடக்கவேண்டும் என்பதில்லை, தெருவைச் சுற்றினாலும் போதும்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அப்பம் எனக்கு இப்ப அந்தத் தோலு எவ்வளவு வளந்திருக்கும் டாக்டரம்மா? நடுவுல மாத்திரைய விட்டுட்டேனே," என்றார்.

வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது அண்ணாச்சி, இதுவரை ஒன்றும் ஆகாதது நல்லது, முதலில் உங்கள் இதய டாக்டரிடம் பேசிவிடுகிறேன் என்றேன். அங்கேயே போன் செய்தேன். எப்படித் திரும்பத் தொடங்கவேண்டும் என்று அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி பிரிக்காத அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொண்டார். பிறகு என் மேசையில் இருந்த காலண்டரைத் தன் பக்கம் திருப்பி, மாதங்களை விரல்விட்டு எண்ணி, அடுத்து என்றைக்கு வரவேண்டும் என்று கேட்டார்.