ஒரு மணி நேரம் இங்கே கொடுங்கள்

(பொள்ளாச்சியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற தம்பிகளுக்கும் வணக்கமுங்க.

தூர்தர்ஷன் தன் அலைவரிசைகளில் சிலவற்றை இணைக்கலாமா, மூடலாமா என்பது இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடலாம். எதை முதலில் மூடலாம் என்று கேட்டால், விவசாயிகளுக்கென்றே டெல்லியிலிருந்து நடத்துகிற டிடி கிசானைத்தான் சொல்வேன். தென்னந்தோப்பில் வளர்ந்தவன் இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

தென்னையைத் தாக்குகிற ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்ற பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தியாவிலேயே முதன்முதலாக அதை 2016இல் கண்டுபிடித்தது நம் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான். அதற்கு அடுத்த வருஷம் எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, முன்னால் மரத்தடியில் காயப்போட்ட வேட்டியெல்லாம் பிசுபிசுவென்று கைக்கு ஒட்டியது. வண்டி சீட்டில் உட்கார்ந்தால் பேண்ட்டும் ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் ஓலைக்கு அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்ட மாதிரி சுருள். அதற்குக் கீழே இருக்கிற ஓலைகளின் மேல்பக்கமோ கரி பூசியது போல ஒரே கறுப்பு. ஐயன், எங்கள் அப்பா, கடைக்குப் போய் இரண்டு பூச்சிமருந்து வாங்கி வந்துவிட்டார். கடைக்காரர் இரண்டையும் கலந்து அடிக்கச் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் ஆள் வருவதாக ஏற்பாடு.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகையில் ஒரு நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். வேளாண் ஆராய்ச்சியாளர் ஒருவர் தோப்புக்குள் நின்று ஓலையைத் திருப்பிக் காட்டி, "இதில் கறுத்துப்போன புழுக்கூடு தெரிகிறதா? இதற்குள் என்கார்சியா என்கிற சின்னக் குளவி முட்டை வைத்திருக்கிறது. வெள்ளை ஈயைத் தின்பது அதுதான். நீங்கள் மருந்தடித்தால் முதலில் சாவதும் அதுதான்" என்றார். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு நடுவில் கட்டச் சொன்னார். விசைப்பம்பால் ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னார். கறுப்புப் பூசணம் உரிந்து விழுவதற்கு மைதாக் கஞ்சி தெளிக்கச் சொன்னார். அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய், கைக்கு எட்டுகிற ஓலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். கறுப்புப் புள்ளிகள் இருந்தன. உள்ளே வந்து ஐயனிடம், "நாளைக்கு ஆளை வரவேண்டாம்னு சொல்லிருங்க" என்றார். டிவியில் யாரோ சொன்னால் ஆச்சா என்று ஐயன் சத்தம் போட்டார். அம்மா அசையவில்லை. மருந்து டப்பாக்கள் ரொம்ப நாள் கட்டுத்தறி மூலையிலேயே கிடந்தன.

ஈ முழுவதுமாகப் போய்விடவில்லை. அந்த வருஷம் காய் குறைந்ததும் உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய விஷத்தை நம் கையாலேயே அடித்து, நமக்கு வேலை செய்கிற குளவியைக் கொல்லாமல் தப்பித்தோம். அதற்கு எங்களுக்குத் தேவைப்பட்டது தமிழில் அரை மணி நேரம், நம் மரத்தின் ஓலையைத் திருப்பிக் காட்டிய ஒரு கேமரா. அவ்வளவுதான்.

இப்போது டிடி கிசானுக்கு வருகிறேன். 2015 மே 26ஆம் தேதி தொடங்கினார்கள். 24 மணி நேரமும் விவசாயத்துக்கென்றே ஒரு அலைவரிசை. நல்ல எண்ணத்தில் தொடங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024இல் அதன் ஒன்பதாம் ஆண்டு நிறைவன்று கிருஷ், பூமி என்று இரண்டு செயற்கை நுண்ணறிவு அறிவிப்பாளர்களை அறிமுகம் செய்தார்கள். அவர்கள் 50 மொழிகளில் பேச வல்லவர்கள் என்று அறிவிப்பு வந்தது. தமிழும் அதில் இருக்கும். ஆனால் கோதுமையையும் கடுகையும் பற்றித் தமிழில் சொன்னால் ஆனைமலைக்காரருக்கு என்ன பிரயோசனம்? நமக்கு வேண்டிய சேதி வேறு. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்கள் இருக்கின்றன. இந்த முறை எந்த மண்டலத்துக்குத் தண்ணீர், எத்தனை நாள்? கேரள எல்லையோரத் தோப்புகளில் பரவுகிற வேர் வாடல் நோய்க்கு மருந்தே இல்லை என்கிறார்களே, அப்படியானால் எந்த அறிகுறி தெரிந்தால் மரத்தை வெட்டலாம்? ஈரோட்டு விற்பனைக்கூடத்தில் விரலி மஞ்சள் என்ன விலை, கிழங்கு மஞ்சள் என்ன விலை? காங்கேயத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் விதைக்க எந்த மழை தோது? டெல்லியில் உட்கார்ந்திருக்கிற ஆசிரியர் குழு எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இதையெல்லாம் தினமும் சொல்ல முடியாது. சொல்லத் தெரிந்தவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலும் இருக்கிறார்கள்.

தூர்தர்ஷனின் முதல் விவசாய நிகழ்ச்சி எப்படித் தொடங்கியது தெரியுமா? 1967 ஜனவரி 26இல் கிருஷி தர்ஷன் வந்தபோது அது டெல்லியைச் சுற்றியிருந்த கிராமங்களுக்காக எடுத்தது. அந்த மண்ணுக்கு அந்த நிகழ்ச்சி. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னை நிலையம் வந்தது, அப்புறம் நமக்கு வயலும் வாழ்வும் என்ற விவசாய நிகழ்ச்சி கிடைத்தது. பக்கத்து ஊர் சேதியைப் பக்கத்து ஊருக்குச் சொல்வதுதான் அதன் அடிப்படையாக இருந்தது. செயற்கைக்கோள் வந்த பிறகு நாடு முழுவதற்கும் ஒரே கூரை போட்டுவிடலாம் என்ற ஆசை வந்துவிட்டது.

நம் வீடுகளுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பது இங்கே நரைத்த தலைகளுக்கு நினைவிருக்கும். இருபதடி ஜி.ஐ. பைப்பின் உச்சியில் ஏரியலைக் கட்டி, கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஒருத்தர் ஓட்டு மேலே ஏறி நின்று பைப்பைச் சுற்றுவார், உள்ளேயிருந்து அம்மாயி "வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போயிருச்சு" என்று குரல் கொடுப்பார். பழனிமலைத் தொடருக்கு மேலே ஒரு கோபுரம், கொங்கு நாட்டுக் காடுமேட்டிலிருந்தெல்லாம் அதை நோக்கி நீட்டிய ஏரியல்கள். அந்தத் தரைவழி ஒளிபரப்பை நாடெங்கும் 2022க்குள் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பார்க்க ஆளில்லாத டிரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் பில் கட்டுவது வீண். மூடுவது என்றாலே குற்றம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூடியதிலும் இணைத்ததிலும் பாடம் இருக்கிறது. 2003 நவம்பரில் டிடி மெட்ரோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிடி நியூஸைக் கொண்டுவந்தார்கள். பாட்டும் தொடரும் தனியார் அலைவரிசைகளில் வேண்டிய மட்டும் கிடைத்த காலம் அது. 1993இலேயே சன் டிவி வந்துவிட்டது. அதனால் மெட்ரோ போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியான முடிவு. 2021இல் மக்களவை டிவியையும் மாநிலங்களவை டிவியையும் சேர்த்து சன்சத் டிவி ஆக்கினார்கள். பெயர் ஒன்றானது, நிர்வாகம் ஒன்றானது. ஆனால் இரண்டு அவையும் ஒரே நேரத்தில் கூடுகிறபோது இரண்டு அலைவரிசையாகத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்தில் இரண்டு பேர் பேசினால் இரண்டு கேமரா வேண்டும், அதைச் சுருக்க முடியாது.

வெளிநாட்டிலும் பார்க்கலாம். பிபிசி 2016 பிப்ரவரியில், இளைஞர்களுக்கான பிபிசி த்ரீ அலைவரிசையை டிவியிலிருந்து எடுத்து இணையத்துக்கு மட்டும் என்று மாற்றியது. பையன்கள் எல்லாம் போனில்தானே பார்க்கிறார்கள் என்ற கணக்கு. ஆறு வருஷம் கழித்து, 2022 பிப்ரவரியில் அதே அலைவரிசையைத் திரும்ப டிவிக்குக் கொண்டுவந்தது. கிரேக்க நாட்டில் 2013 ஜூனில் அரசு ஒரே ராத்திரியில் பொது ஒளிபரப்பு நிறுவனத்தையே இழுத்து மூடியது. திரை கறுத்துப்போனது, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், 2015இல் திரும்பத் திறந்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் கலைந்துபோன ஆட்களின் அனுபவத்தைத் திறப்புவிழா நடத்தித் திரும்பப் பெற முடியுமா?

"எல்லாம் யூடியூபில் இருக்கிறது, டிவி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யூடியூபில் அம்மாவுக்கு வெள்ளை ஈ என்று தேடிக் கொடுத்துப் பார்த்தேன். முதலில் வந்தது மருந்து விற்கிறவரின் வீடியோ. விற்கிறவன் சொல்வதும் விற்க எதுவும் இல்லாதவன் சொல்வதும் ஒன்றாகுமா? அம்மா இப்போதும் பார்ப்பது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷில்தான். ஒருமுறை குடையும் பெட்டியும் வாங்கி மாட்டினால் மாதாமாதம் காசு கட்ட வேண்டாம். ரீசார்ஜ் தீர்ந்துபோனது என்று நின்றுபோகாது.

அந்த ஃப்ரீ டிஷ்ஷில்தான் கணக்கும் இருக்கிறது. அதில் இடம் பிடிக்கத் தனியார் அலைவரிசைகள் ஏலத்தில் கோடிக்கணக்கில் கொடுக்கின்றன. தூர்தர்ஷனுக்குச் சொந்தமாகச் சுமார் 35 அலைவரிசைகள். அவற்றில் ஒன்றை மூடினால் அந்த இடத்தை ஏலம் விடலாம், செயற்கைக்கோள் செலவும் மிஞ்சும். இது நியாயமான வாதம், மறுக்க மாட்டேன். ஆனால் மிஞ்சுகிற பணம் பொதுக் கஜானாவில் விழுந்து கரைந்துபோனால் நாம் ஒன்றைத் தொலைத்தோம் என்றுதான் அர்த்தம். டிடி கிசானுக்கு ஆகிற செலவையும் ஆட்களையும் மாநில மொழி அலைவரிசைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்பது என் கோரிக்கை. தமிழுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். அதில் பாதி கோவையிலிருந்து, நேரலையில், போன் போட்டுக் கேள்வி கேட்கிற மாதிரி. காவிரிப் பாசனத்துக்கு ஒரு நாள், நம் பக்கத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்தாலும் சம்மதமே.

சலுகை கேட்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தூர்தர்ஷனை நடத்துகிற நிறுவனம் பிரசார் பாரதி. அதற்கான பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே, விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்கும் தனிக் கவனம் கொடுக்க வேண்டும், நாட்டின் பல்வேறு பகுதிகளின் மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் போதுமான இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம், காற்றலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. நம் ஓடையும் புறம்போக்கும் மாதிரி அதுவும் ஊர்ச் சொத்து.

இணைப்பு என்ற பேச்சில் எனக்குப் பயம் இருப்பது ஒரே இடத்தில்தான். மொழி அலைவரிசைகளைத் தொட்டுவிடக் கூடாது. நம் பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. அம்மா இன்னும் பொதிகை என்றுதான் சொல்கிறார், நானும் அப்படித்தான். பெயர் மாறினாலும் வீடு அங்கேயே இருக்கிறது. நாளைக்குச் செலவைக் குறைக்கிறோம் என்று நான்கு தென்னக மொழிகளை ஒரு அலைவரிசைக்குள் மணிக்கணக்கில் பிரித்துவிட்டால், தமிழுக்குக் கிடைப்பது நாளுக்கு ஆறு மணி நேரம். அதில் செய்தி, சினிமா போக, உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுகிற கிழவருக்கு எந்த மூலையில் இடம் இருக்கும்? 2024இல் தேக்கம்பட்டிப் பக்கத்து வள்ளி கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுத்த அரசின் அலைவரிசையிலேயே அவருடைய கும்மியை முழு ஆட்டமாகக் காட்ட நேரம் வேண்டாமா? விடிய விடிய ஆடுகிற ஆட்டத்தை மூன்று நிமிஷத் துண்டாகப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நேரம் ஆகிறது, முடித்துக்கொள்கிறேன். வாசல் பக்கம் மேசையில் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறோம், பிரசார் பாரதிக்கு அனுப்புவதற்கு. படித்துப் பார்த்து, சம்மதம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். போடுகிறவர்கள் அப்படியே தாளின் பின்பக்கத்தில், இப்போது உங்கள் தோட்டத்தில் என்ன பூச்சி, என்ன நோய், எந்த மாதத்திலிருந்து என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். முதல் நாள் நிகழ்ச்சியில் கேட்க வேண்டிய கேள்விகள் கையில் தயாராக இருக்கட்டும்.