நேப்பிள்ஸ்ல இருந்து பலேர்மோ வரை காரில்: சைவ அம்மாவைக் கூட்டிக்கிட்டு தெருக்கடைப் பலகாரம் சாப்பிட முடியுமா?

அடுத்த கேள்வி ஈரோட்டிலிருந்து வந்திருக்கு. வாசிச்சுடறேன். "அண்ணா, நேப்பிள்ஸ்ல கார் வாடகைக்கு எடுத்து பலேர்மோ வரைக்கும் ஓட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். ஹோட்டல்ல உட்கார்ந்து சாப்பிடறதைக் குறைச்சுட்டு, வழியில தெருக்கடைப் பலகாரம், இனிப்புன்னு ருசி பார்க்கணும். நானும் தம்பியும் எதுவும் சாப்பிடுவோம். அம்மா சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டாங்க. எங்கெங்க நிறுத்தலாம்? அம்மா எதை நம்பிச் சாப்பிடலாம்? ஏப்ரல் கடைசி நல்லதா, ஆகஸ்ட் நல்லதா?"

சரி, அம்மாகிட்ட இருந்தே ஆரம்பிக்கிறேன். உங்க ரெண்டு பேருக்கும் அங்க வழி சொல்ல ஆளே வேண்டாம், மூக்கு கூட்டிட்டுப் போயிடும்.

தென் இத்தாலியில சைவக்காரங்களுக்குத் தொந்தரவு கறியால வர்றதில்லை. கறி கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிடலாம். தொந்தரவு ஸ்த்ருத்தோ. பன்றிக் கொழுப்பை உருக்கி, வெள்ளையா உறைய வச்சது. பார்க்க அப்படியே நம்ம டால்டா மாதிரி இருக்கும். நேப்பிள்ஸ்ல சுன்யான்னும் சொல்வாங்க. மாவு மொறுமொறுன்னு வரணும், அடுக்கு அடுக்கா பிரியணும்னா அங்க கை இதுகிட்டதான் போகும். காரத்துல மட்டும் இல்லைங்க, இனிப்பிலயும்தான். நம்ம ஆளுங்க ஏமாறுறது அங்கதான். "கேக் கடைதானே, முட்டை இல்லாததா பார்த்து எடுத்துக்கலாம்"னு நினைச்சுப் போவாங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, கவனமா கேளுங்க. ஐரோப்பாவில 2014 டிசம்பர்ல இருந்து ஒரு சட்டம் நடைமுறையில இருக்கு. பொட்டலம் போடாம விக்கிற தீனியா இருந்தாலும், அதுல 14 வகை ஒவ்வாமைப் பொருள்ல எது இருக்குன்னு கடைக்காரர் தெரிவிக்கணும். சில கடையில சுவத்துல ஒட்டியிருப்பாங்க, சில கடையில ஒரு கோப்பா வச்சிருப்பாங்க, கேட்டா எடுத்துக் காட்டுவாங்க. முட்டை, பால், மீன், எள், கொட்டை வகை எல்லாம் அந்த 14-ல வரும். பன்றிக் கொழுப்பு வராது, அது ஒவ்வாமைக் கணக்கிலேயே இல்லை. அதனால முட்டை இருக்கான்னு பட்டியலைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். கொழுப்பு இருக்கான்னு வாயைத் திறந்து கேட்டாதான் தெரியும். "சே லோ ஸ்த்ருத்தோ?" அவ்வளவுதான். "நாங்க வெஜிடேரியன்"னு பொதுவா சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சொன்னா ஹாமை, அதான் பன்றித் தொடைக் கறியை, எடுத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே கொடுப்பாங்க. பிசைஞ்ச மாவுக்குள்ள கொழுப்பு இருக்கிறது அவங்களுக்கு ஒரு விஷயமாவே தோணாது.

இப்ப நேப்பிள்ஸ். கார் எடுக்கிறதுக்கு முன்னாடியே இந்த ஊரைச் சாப்பிட்டு முடிச்சிடுங்க. ஊரை விட்டுக் கிளம்புற அன்னிக்குக் கார் எடுத்தா போதும். அந்தச் சந்துல கார் வச்சிருக்கிறது ஒரு தண்டனைங்க.

அம்மாவுக்கு நாலா மடிச்ச பீட்ஸா. அடுப்புல இருந்து எடுத்து, ரெண்டு மடி மடிச்சு, காகிதத்துல சுத்திக் கையில கொடுத்துடுவாங்க. ரெண்டு மூணு யூரோ இருக்கும். முறையான நேப்பிள்ஸ் பீட்ஸா மாவுல வெறும் மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட். முட்டையும் கிடையாது, கொழுப்பும் கிடையாது. மரினாரான்னு கேட்டு வாங்குங்க. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பேர்ல கடல் வாடை அடிக்குதேன்னு பயப்பட வேண்டாம், மீன் கிடையாது, சீஸ் கூடக் கிடையாது. பொரிச்ச பீட்ஸா வேற கதை. அதுல ரிக்கோட்டாங்கற மிருதுவான சீஸோட பன்றிக் கொழுப்பு வறுவலும் சேரும். அது தம்பிக்கு.

அப்புறம் ஸ்ஃபோல்யாத்தெல்லா. நேப்பிள்ஸோட பேர் சொல்ற இனிப்பு, கிளிஞ்சல் மாதிரி வரி வரியா இருக்கும். இது எப்படிச் செய்றாங்கன்னு பார்த்தா அம்மாவுக்கு ஏன் ஆகாதுன்னு தானா புரிஞ்சிடும். மாவைத் துணி மாதிரி மெலிசா இழுத்து, அது மேல முழுக்க கொழுப்பைத் தடவி, பாய் சுருட்டுற மாதிரி இறுக்கிச் சுருட்டி, குளிர வச்சு, விரல் தடிமனுக்கு வெட்டுவாங்க. ஒவ்வொரு வில்லையையும் ரெண்டு கட்டை விரலால நடுவுல இருந்து வெளிப்பக்கமா அழுத்த அழுத்த, அடுக்கெல்லாம் நழுவிக் கூம்பா வந்துடும். உள்ள ரவை, ரிக்கோட்டா, சர்க்கரைப் பாகுல ஊறின நாரத்தை, லவங்கப்பட்டை. அடுக்கு பிரியறதே அந்தக் கொழுப்பாலதான். அமால்ஃபி கரையில சாந்தா ரோசா கன்னிமாடத்துல பிறந்த பலகாரம். 1818-ல பின்தௌரோங்கறவர் நேப்பிள்ஸ் தொலேதோ தெருவில கடை போட்டு இதை ஊருக்கே பழக்கிவிட்டார். அந்தக் கடை இன்னிக்கும் இருக்கு. சூடா இருக்கும்போது மட்டும் வாங்குங்க. ஆறிப்போனது வெறும் ரவா கட்டி.

ரம்முல ஊற வச்ச பாபாங்கற பஞ்சு கேக்கை, ஓட்டப்போறவங்க சாயங்காலம் காரை நிறுத்தினதுக்கு அப்புறம் சாப்பிடுங்க.

அம்மாவுக்கு இனிப்பு இல்லைன்னா என்ன, அந்த ஊர் எலுமிச்சை சோடா இருக்கு. தெரு முனையில சின்னக் கடை, எலுமிச்சங்காய் கொத்துக் கொத்தா தொங்கும். பெரிய எலுமிச்சையைப் பிழிஞ்சு, சோடா ஊத்தி, கடைசில ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுக் கையில கொடுப்பார். போட்ட உடனே நுரை பொங்கி வழியும். காலை அகட்டி நின்னு, குனிஞ்சு, ஒரே மூச்சுல குடிக்கணும். இல்லைன்னா உடுப்பு, செருப்பெல்லாம் எலுமிச்சைதான். சேலை கட்டிட்டுப் போனா கொசுவத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.

இனி ரோடு. சலேர்னோவில இருந்து ரெஜ்ஜோ காலாப்ரியா வரைக்கும் ஏ2 நெடுஞ்சாலை, ஏறக்குறைய 430 கிலோமீட்டர். சுங்கம் கிடையாது. மெஸ்ஸினாவில இருந்து பலேர்மோ போற ஏ20-க்குக் கட்டணும். நம்மூர் லைசென்ஸோட சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில இருக்கணும்.

முதல் நிறுத்தம் சலேர்னோ தாண்டின கொஞ்ச நேரத்துலயே. பத்திபாக்லியாவில இருந்து பேஸ்டும் பக்கம் இறங்கினா ரோட்டோரமா எருமைப் பண்ணைங்க. எருமைப்பால் மொசரெல்லா, அன்னிக்குக் காலையில செஞ்சது. அது மிதக்கிற தண்ணியோட பையில போட்டுக் கொடுப்பாங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. கார்ல வச்சுக் காய விடாம அங்கேயே நின்னு சாப்பிட்டுடுங்க. கடிச்சா பால் வழியணும். ஒண்ணு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடுங்க. அதைத் திரிய வைக்கிறது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற பொருளை வச்சுத்தான். முத்திரை குத்தின மொசரெல்லாவுக்கு விதியே அப்படி. இத்தாலியில பர்மீசான், பெக்கொரீனோன்னு பேர் பெத்த பழைய சீஸ்லயும் இதே கதைதான், கன்னுக்குட்டிக்குப் பதிலா ஆட்டுக்குட்டியாவும் இருக்கலாம். இதைச் சொல்லிட்டா சாப்பிடறதும் விடறதும் அவங்க முடிவு. சொல்லாம கொடுக்கிறது தப்புங்க. பக்கத்துலயே பேஸ்டும் கிரேக்கக் கோயில்கள் இருக்கு, பார்த்துட்டுக் கிளம்புங்க.

நெடுஞ்சாலை ஆட்டோகிரில் மாதிரிக் கடைங்கள்ல முதல்ல கல்லாவில காசு கட்டி, சீட்டு வாங்கி, அப்புறம் காப்பிக் கவுண்டர்ல கொடுக்கணும். காப்பி மட்டும் நல்லா இருக்கும், மத்ததுக்கு வயித்துல இடம் வீணாக்காதீங்க.

இத்தாலியோட கால் நுனியில இருக்கிற காலாப்ரியாவில நான் நிறுத்தச் சொல்ற ஒரே ஊர் பீட்ஸோ. கடல் பக்கம் பாறை மேல இருக்கிற சின்ன ஊர். நெப்போலியனோட மச்சினன் முராவை 1815-ல சுட்டுக் கொன்ன கோட்டை அங்கதான் இருக்கு. மக்கள் போறது என்னமோ தர்த்தூஃபோவுக்கு. ஹேசல்நட் ஐஸ்க்ரீமைக் கையாலயே உருட்டி, நடுவுல குழி பண்ணி உருகின சாக்லேட் ஊத்தி மூடி, மேல கொக்கோ தூள்ல புரட்டுவாங்க. ஸ்பூன் நடுவுல போனதும் சாக்லேட் வழியும். முட்டை சேர்க்கிற கடை உண்டு, அந்த ஒவ்வாமைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்க.

அப்புறம் வில்லா சான் ஜொவான்னி துறைமுகம். கார் கப்பல்ல ஏறும், அரை மணி நேரத்துக்குள்ள சிசிலித் தீவு, பலேர்மோ அங்கதான். அந்தக் கப்பல்ல விக்கிற அரன்சீனோ இத்தாலிக்காரங்களுக்கே ஒரு சடங்கு. ஜலசந்தியைப் பார்த்துக்கிட்டே சோத்து உருண்டை சாப்பிடணும். குங்குமப்பூ போட்ட சாதத்துக்குள்ள கறிக் குழம்பு வச்சு, ரொட்டித் தூள்ல புரட்டிப் பொரிச்சது. வெண்ணெய் போட்டதுன்னு இன்னொரு வகை இருக்கும். அதை அம்மாவுக்கு எடுத்துடாதீங்க, உள்ள ஹாம் துண்டு இருக்கும்.

கப்பல் இறங்குற மெஸ்ஸினாவில காலை டிபன் கிரானீத்தா, அதாவது உறைஞ்ச ஐஸ் கூழ். எலுமிச்சையா, பாதாமான்னு கேட்டு வாங்குங்க. எலுமிச்சைன்னா தண்ணி, சர்க்கரை, சாறு, அவ்வளவுதான், அம்மாவுக்குத் தோதானது. கூட வர்ற கொண்டை வச்ச பன்னுல முட்டை இருக்கும், அது உங்க பங்கு. நீங்க காப்பி கிரானீத்தாவில க்ரீம் போட்டு, பன்னைப் பிச்சுத் தொட்டுச் சாப்பிடுங்க. அந்த ஊர்ல அதுதான் முறை.

இப்ப பலேர்மோ. மிச்ச நாளையெல்லாம் இங்க வச்சுக்கோங்க. பல்லாரோ, காப்போ, ரெண்டு சந்தையும் நடந்தே சுத்தலாம். ஊர் நடுவுல கார் கொண்டு போக வேண்டாம். குறிப்பிட்ட நேரத்துல அனுமதி இல்லாத வண்டி நுழைஞ்சா கேமரா படம் பிடிச்சுடும். அபராதம் வாடகைக் கம்பெனி வழியா மாசம் கழிச்சு ஈரோட்டுக்கே வந்து சேரும்.

அம்மாவுக்கு இந்தப் பயணத்தோட பெரிய விருந்து இங்கதான், பனெல்லே. கொண்டைக்கடலை மாவைப் பச்சத் தண்ணியில கரைச்சு, உப்புப் போட்டு, அடுப்புல கை விடாம கிண்டுவாங்க. கிண்டக் கிண்ட இறுகி, சட்டியை விட்டுச் சுருண்டு வரும். பார்ஸ்லி தழை தூவி, சூட்டோட மெலிசா பரப்பி, ஆற வச்சுத் துண்டு போடுவாங்க. கடைக்காரர் துண்டைக் கொதிக்கிற எண்ணெயில ஒவ்வொண்ணா வழுக்கி விடுவார், ஓரம் மட்டும் உப்பும். எடுத்து எள்ளு ரொட்டியில அஞ்சாறு அடுக்கி, எலுமிச்சை பிழிஞ்சு கொடுப்பார். முட்டை இல்லை, பால் இல்லை, சீஸ் இல்லை. கூடவே உருளைக்கிழங்கு கொழுக்கட்டை ஒண்ணும் பொரிப்பாங்க. ரொட்டி மாவுல கொழுப்பு சேர்க்கிற பேக்கரி உண்டு, அதனால கேளுங்க. சந்தேகமா இருந்தா ரொட்டி வேண்டாம், பனெல்லே மட்டும் காகிதத்துல கட்டித் தாங்கன்னு வாங்கிக்கலாம். அரன்சீனா, அதான் கப்பல்ல பார்த்த சோத்து உருண்டை, அதைப் பொரிக்கிற சட்டியிலேயே இதையும் பொரிக்கிற கடையைத் தவிர்த்துட்டு, பனெல்லே மட்டும் போடுற வண்டியாப் பார்த்துப் போங்க.

ஸ்ஃபிஞ்சோனே பார்க்கச் சைவமா இருக்கும், நம்பாதீங்க. தடிச்ச பஞ்சு ரொட்டி, மேல தக்காளியும் வெங்காயமும். அந்தக் குழம்புல நெத்திலி கரைஞ்சு போயிருக்கும், கண்ணுக்கே தெரியாது. இதை மூணு சக்கர வண்டியில வச்சுக் கூவி விப்பாங்க. நம்ம ஊர்ல ஓடுற அதே பியாஜியோ ஆப்பே. பார்த்ததும் தம்பி போட்டோ எடுக்க ஓடுவார்.

தம்பிக்கு இன்னொண்ணு, மண்ணீரல் ரொட்டி. கன்னுக்குட்டியோட மண்ணீரலும் நுரையீரலும் வேக வச்சு, மெலிசா சீவி, கொழுப்புல புரட்டி ரொட்டிக்குள்ள வைப்பாங்க. எலுமிச்சை மட்டும் பிழிஞ்சா அது கல்யாணமாகாதது, மேல ரிக்கோட்டா போட்டா கல்யாணமானதுன்னு அங்க பேர். முதல் தடவைன்னா எலுமிச்சையோட சாப்பிடுங்க. ஈரல் பிடிக்கிறவங்களுக்கு இது கண்டிப்பா பிடிக்கும்.

பொரிச்ச குழல் ஓட்டுக்குள்ள ரிக்கோட்டா அடைச்ச இனிப்பு கனோலி, அது பத்தி நான் பிடிவாதக்காரன். ரிக்கோட்டா முன்கூட்டியே அடைச்சு கண்ணாடிப் பெட்டியில அடுக்கி வச்ச கனோலியை வாங்கவே வாங்காதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. ஓடு ஈரத்தை இழுத்துத் தோல் மாதிரி ஆகிடும். நீங்க கேட்டப்புறம், உங்க கண்ணு முன்னாடி அடைச்சுக் கொடுக்கணும். நேரம் இருந்தா பலேர்மோ பக்கத்து மலையில பியானா தெல்யி அல்பனேஸின்னு ஒரு ஊர், பெரிய பெரிய கனோலிக்குப் பேர் போனது, காரை அங்க விடுங்க. ஓட்டு மாவுல பெரும்பாலும் ஸ்த்ருத்தோ இருக்கும், அம்மாவுக்கு ஆகாது. அவங்களுக்கு மார்த்தொரானா பழம். பாதாமும் சர்க்கரையும் அரைச்சு, அச்சுல அழுத்தி, அத்திப்பழம், சப்பாத்திக்கள்ளிப் பழம், மாதுளைன்னு வண்ணம் தீட்டியிருப்பாங்க. முட்டை இருக்கான்னு ஒவ்வாமைப் பட்டியல்ல பாருங்க, பெரும்பாலும் இருக்காது. சீக்கிரம் கெடாது, ஊருக்கும் வாங்கிட்டு வரலாம். ஆனா பல்லு கூசற இனிப்பு.

கடைசியா ஏப்ரலா ஆகஸ்டான்னு கேட்டீங்க. நான் ஏப்ரல்னு சொல்வேன், காரணம் செம்மறி ஆடு. சிசிலி ரிக்கோட்டா ஆட்டுப் பால்ல வர்றது. குளிர்காலமும் வசந்தமும் பச்சைப் புல் இருக்கும், பால் நல்லா இருக்கும். கோடையில புல் காஞ்சு, பால் வத்திப் போயிடும், கனோலியும் சுமாராயிடும். ஆகஸ்ட்ல கிரானீத்தா அமிர்தமா இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா 15-ம் தேதி பெரிய விடுமுறை, அதை ஒட்டி நிறைய கடை பூட்டியிருக்கும், கப்பல்ல ஏற கார் வரிசையும் நீளும். ஏப்ரல் கடைசியிலயும் 25, மே 1 ரெண்டும் அரசு விடுமுறை. அந்த நாள்ல கப்பல் ஏறாத மாதிரித் தேதி போட்டுக்கோங்க, பலேர்மோல அறையை மட்டும் இப்பவே பிடிச்சிடுங்க. சரி, அடுத்த கேள்வி பார்க்கலாம்.