ரொட்டி விலையும் ஓட்டுக் கணக்கும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஜெர்மனியில் ஹிட்லர் எப்படி ஆட்சிக்கு வந்தார் என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. பணம் வெறும் காகிதமாகிப் போனது, கூடை நிறைய நோட்டைக் கொட்டி ஒரு ரொட்டி வாங்கினார்கள், அந்தக் கோபத்தில் ஹிட்லருக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்பார்கள். நானும் பல காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் இடித்தது. நோட்டு குப்பையானது 1923இல். ஹிட்லர் சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர், ஆனது 1933 ஜனவரியில். நடுவே கிட்டத்தட்டப் பத்தாண்டுகள் கிடக்கின்றன. அவற்றில் என்ன நடந்தது?

முதல் உலகப் போரை ஜெர்மனி பெரும்பாலும் கடன் வாங்கித்தான் நடத்தியது. ஜெயித்தால் தோற்றவனிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். தோற்றது ஜெர்மனி. வென்ற நாடுகள் 1921இல் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு விதித்தன. ஒப்புக்கொண்டபடி பொருள் வந்து சேரவில்லை என்று சொல்லி, 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர் பகுதிக்குள் புகுந்தன. "அவர்களுக்கு வேலை செய்யாதீர்கள், கூலியை நாங்கள் தருகிறோம்" என்ற நிலையை எடுத்தது பெர்லின் அரசு. கஜானாவில் பணம் ஏது? அச்சு இயந்திரம் இருந்தது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். பெர்லினில் ஒரு ரொட்டி 20,000 கோடி மார்க் விற்றது. கூலி கைக்கு வந்த நிமிடமே கடைக்கு ஓடினார்கள், சாயங்காலம் வரை வைத்திருந்தால் அது எதற்கும் உதவாது. அச்சடிக்க நேரமில்லாமல் பல நோட்டுகளில் ஒரு பக்கம் வெறுமையாகவே இருந்தது.

இதில் அடிபட்டவர் யார் என்பதைக் கவனியுங்கள். நிலமும் ஆலையும் வைத்திருந்தவருக்குச் சொத்து நின்றது. கடன்பட்டிருந்தவருக்குக் கடனே கரைந்தது. நாட்டிலேயே பெரிய கடனாளி அரசாங்கம்தான். மக்களிடம் அது வாங்கிய போர்க்கடன் அத்தனையும் சேர்ந்து, பழைய மதிப்பில் ஒரு மார்க் கூடப் பெறவில்லை. தேசப்பற்றோடு போர்ப் பத்திரம் வாங்கிய பள்ளி ஆசிரியரும், வட்டியில் காலம் தள்ளிய விதவையும் வெறுங்கையோடு நின்றார்கள். சிக்கனமாக வாழ்ந்தவனையே தண்டித்த ஆண்டு அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அதே நவம்பரில், 8ஆம் தேதி இரவு, மியூனிக் பீர் மண்டபத்தில் ஹிட்லர் கலகம் தொடங்கினார். மறுநாளே அடங்கியது. அவர் சிறைக்குப் போனார். அடுத்த வாரமே ரென்டன்மார்க் என்ற புதிய பணம் வந்தது. பழைய மார்க் ஒரு லட்சம் கோடிக்குப் புதியது ஒன்று. விலை நின்றது. 1928 மே தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி வாங்கியது 2.6 சதவீதம், 12 இடங்கள். கூடை நோட்டுதான் காரணம் என்றால், அந்தக் கோபம் 1928இல் எங்கே போயிருந்தது?

அது அணையவில்லை, பயமாக உறைந்திருந்தது. அந்தப் பயம் வேலை செய்தது அடுத்த நெருக்கடியில். நாடு ஓடிக்கொண்டிருந்தது அமெரிக்கக் கடனில். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபின் அந்தக் கடன் வற்றியது. வேலையிழந்தோர் பெருகினர், வேலையின்மைக் காப்பீட்டு நிதி காலியானது. சம்பளத்தைக் கணக்கிட்டு அதற்கு வசூலிக்கும் சந்தாவை 3.5 சதவீதத்திலிருந்து 4 ஆக உயர்த்துவதா, உதவித்தொகையை வெட்டுவதா? முதலாளிகள் பக்கம் நின்ற மக்கள் கட்சிக்கும், தொழிற்சங்கங்கள் பின்னால் நின்ற சமூக ஜனநாயகக் கட்சிக்கும் ஒத்துவரவில்லை. சமரசத் திட்டத்தைச் சமூக ஜனநாயகவாதிகள் ஏற்க மறுத்தார்கள். 1930 மார்ச் 27 அன்று, இந்த இரு கட்சிகளும் சேர்ந்திருந்த சான்சலர் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு விழுந்தது. அரை சதவீதத்துக்காக! தொழிலாளியின் உதவித்தொகையைக் காக்க நின்றது நியாயம்தான். ஆனால் நாடாளுமன்றப் பெரும்பான்மையை நம்பி நின்ற கடைசி அரசு அதுவே.

அடுத்து வந்தார் ஹைன்ரிக் புரூனிங். அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் கையெழுத்தில் அவசர ஆணைகளால் ஆண்டார். நாடாளுமன்றம் 1930இல் 98 சட்டங்கள் இயற்றியது. 1932இல் வெறும் 5. ஊரெல்லாம் வேலையில்லாத நேரத்தில் அவர் சம்பளத்தை வெட்டினார், ஓய்வூதியத்தை வெட்டினார், வரியைக் கூட்டினார். காரணம் இரண்டு. இழப்பீட்டைக் கட்டவே முடியாது என்று உலகுக்குக் காட்ட நினைத்தார். பணத்தைத் தாராளமாக விட்டால் 1923 திரும்பி வந்துவிடும் என்ற நடுக்கமும் இருந்தது. மக்கள் அவரைப் 'பசி சான்சலர்' என்றார்கள். 1931 ஜூலையில் பெரிய வங்கிகளில் ஒன்றான டானட் வங்கி கதவடைத்தது. 1932 பிப்ரவரியில் பதிவான வேலையற்றோர் 60 லட்சத்துக்கும் மேல்.

வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களில் பலர் போனது கம்யூனிஸ்ட் கட்சிக்கு. அந்தக் கட்சியோ சமூக ஜனநாயகவாதிகளைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்று திட்டிக்கொண்டிருந்தது. நாஜிகளுக்கு அலை அலையாகப் போனவர் யாரென்று அறிய வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணத்தைப் பாருங்கள். பன்றியும் மாடும் வளர்க்கும் விவசாயிகளின் பூமி. விளைபொருள் விலை விழுந்தது, கடன் ஏறியது, பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. விவசாயிகள் கறுப்புக் கொடி ஏந்தி வரி கொடுக்க மறுத்தார்கள். 1928இல் அங்கே நாஜிகளுக்கு 4 சதவீதம்; 1930இல் 27; 1932 ஜூலையில் 51. இருப்பதும் போய்விடுமோ என்று நடுங்கியவரின் ஓட்டு அது.

நாடு முழுவதும் அந்த ஜூலைத் தேர்தலில் நாஜிகளுக்கு 37.3 சதவீதம். அதே மாதம் லோசான் மாநாட்டில் இழப்பீட்டுச் சுமை ஏறக்குறைய முழுவதும் நீங்கியது, ஆனால் புரூனிங் அப்போது பதவியில் இல்லை. நவம்பர் தேர்தலில் நாஜிகள் 20 லட்சம் ஓட்டுகளை இழந்தார்கள். அவர்கள் இறங்கத் தொடங்கிய அந்த நேரத்தில்தான், முன்னாள் சான்சலர் பாப்பனும் ஹிண்டன்பர்க்கைச் சூழ்ந்திருந்தவர்களும் பேரம் பேசி, 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

மார்ச் 23. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்துபோயிருந்ததால் குரோல் இசை நாடக அரங்கில் கூடினார்கள். சீருடை அணிந்த படையினர் சுற்றி நிற்க, சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசுக்கே தரும் மசோதா வந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். எதிர்த்து விழுந்த ஓட்டு 94. அத்தனையும் அவருடைய சமூக ஜனநாயகக் கட்சியுடையவை. மூன்றாண்டுக்கு முன் அரை சதவீதத்துக்காக ஆட்சியை விட்டு இறங்கிய அதே கட்சி.