பயாலஜி டிகிரிக்கு லோன் போடறதா? கணக்க நாலாவது வருஷத்துல இருந்து போடுங்க

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்கால மெட்ரிக் (பன்னண்டாவது) ரிசல்ட் வந்ததும் டர்பன்ல நம்ம வீடுங்கள்ல ஒரே பேச்சுதான், மெடிசின் கிடைக்கல, சரி பிஎஸ்சி பயாலஜி போட்டுடு, அப்புறம் பார்த்துக்கலாம். அந்த "அப்புறம்"ல எவ்ளோ காசு மாட்டிக்கிட்டு இருக்குன்னுதான் இன்னைக்கு பார்க்கப்போறோம்.

(திரையில்: வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரேண்ட்)

இந்தக் கோட்டுக்கு கீழ இருக்கீங்கன்னா என்எஸ்ஃபாஸ் போடுங்க, அது கவர்மெண்டோட படிப்பு உதவித் திட்டம், 2018ல இருந்து புதுசா சேர்றவங்களுக்கு அது பர்சரி, அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத காசு, லோன் இல்ல, பாஸ் ஆகிட்டே வந்தா போதும். கஷ்டம் யாருக்குன்னா 3,50,000ல இருந்து 6,00,000 வரைக்கும் இருக்கற வீட்டுக்கு, அப்பா ஃபேக்டரில சூப்பர்வைசர், அம்மா கடைல வேலை, என்எஸ்ஃபாஸுக்கு பணக்காரங்க, பேங்குக்கு ஏழைங்க. "மிஸ்ஸிங் மிடில்"னு இவங்களதான் சொல்றாங்க. 2024 ஜனவரில கவர்மெண்ட் இவங்களுக்குன்னு 380 கோடி ரேண்ட்ல ஒரு லோன் ஸ்கீம் அறிவிச்சாங்க, அதுல 70 சதவீதம் சயின்ஸ், இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்கு. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா அதையே நம்பி உக்காந்துடாதீங்க.

அப்ப மிச்சம் பேங்க் லோன். ஃபார்ம்ல உங்க பேருக்குக் கீழ கேரண்டர்னு (நீங்க கட்டலன்னா கட்டறவங்க) ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அங்க கையெழுத்து போடறது அப்பாவோ அம்மாவோ மாமாவோ. நீங்க படிக்கற வரைக்கும் பெரும்பாலும் வட்டி மட்டும்தான் கட்டணும், அதையும் மாசாமாசம் கட்டறது அவங்கதான். அசல கட்டறது படிப்பு முடிஞ்சப்புறம்.

(திரையில்: கணக்குத் தாள்)

சும்மா ஒரு கணக்குக்கு, மூணு வருஷத்துல மொத்தம் 2,40,000 ரேண்ட் வாங்கினீங்க, வட்டி 11 சதவீதம்னு வைங்க. கடைசி வருஷம் வட்டி மட்டுமே மாசம் 2,200. முடிச்சுட்டு 5 வருஷத்துல அடைக்கணும்னா மாசம் சுமார் 5,200, மொத்தமா 3,13,000 கிட்ட வரும். இப்ப வேலைக்கு வாங்க, ஒரு லேப்ல அசிஸ்டெண்ட்டா மாசம் 14,000க்கு சேர்றீங்கன்னு வைங்க (இதுவும் என் கணக்குதான், கிடைக்கும்னு கேரண்டி இல்ல). டாக்ஸ், யூஐஎஃப் (வேலை போனா குடுக்கற இன்சூரன்ஸுக்கு பிடிக்கறது) போக கைக்கு சுமார் 12,800. அதுல 5,200 போச்சுன்னா மிச்சம் 7,600, இங்க டர்பன்ல சாட்ஸ்வர்த்ல அம்மா வீட்லயே இருந்து டாக்ஸிக்கு காசு குடுத்து போய்ட்டு வந்தா சமாளிக்கலாம், கேப் டவுன்ல ரூம் எடுத்து தங்கணும்னா அவ்ளோதான்.

ஆனா நிறைய பேர் இந்தக் கணக்கோட நிறுத்திடறாங்க, அங்கதான் தப்பு. ஏன்னா மூணு வருஷ பிஎஸ்சி பயாலஜில பாதி வழில நிக்குது. சாக்னாஸ்ப்னு சயின்டிஸ்ட்டுங்கள ரெஜிஸ்டர் பண்ற ஒரு கவுன்சில் இருக்கு, 2003 சட்டத்துல வந்தது, அதுல ப்ரொஃபெஷனல் நேச்சுரல் சயின்டிஸ்ட்டா ரெஜிஸ்டர் ஆகணும்னா ஹானர்ஸ் (பிஎஸ்சிக்கு மேல இன்னொரு வருஷம்) இல்லன்னா நாலு வருஷ டிகிரி, அதுக்கு மேல மூணு வருஷம் வேலை அனுபவமும் வேணும். ஒரு இடத்துல ரோடோ கட்டடமோ வர்றதுக்கு முன்னாடி அங்க என்ன செடி என்ன ஜந்து இருக்குன்னு ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட் கேப்பாங்க இல்ல, 2020ல வந்த விதிப்படி அத சாக்னாஸ்ப்ல ரெஜிஸ்டர் ஆனவங்கதான் பண்ணணும். காசு இருக்கற வேலை அதுதான். சரி, ஆஸ்பத்திரி லேப் பக்கம் போலாமேன்னா, மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்டுக்கு தனி டிகிரியே இருக்கு, வெறும் பயாலஜி பிஎஸ்சிய வெச்சு உள்ள போக முடியாது. இத ஸ்கூல்ல யாரும் சொல்றதில்ல, எனக்கு அதுல கோவம்தான்.

அதனால ஹானர்ஸ் வருஷத்தோட காசு எங்க இருந்து வரும்னு முதல் வருஷ லோன்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேளுங்க. என்எஸ்ஃபாஸ் ஹானர்ஸுக்கு தராது. என்ஆர்எஃப்னு கவர்மெண்டோட ஆராய்ச்சி நிதி அமைப்பு தரும், வீட்டு வருமானம் 3,50,000க்குள்ள இருக்கறவங்களுக்கு முழு செலவும், இல்லன்னா மார்க் ரொம்ப நல்லா இருக்கணும், வயசு வரம்பும் உண்டு. அதாவது மிஸ்ஸிங் மிடில் பிள்ளைக்கு மார்க்தான் வழி, மூணாவது வருஷம் 60 சதவீதத்துல முடிச்சுட்டு வந்து நின்னா கஷ்டம், ஹானர்ஸ் வருஷத்தையும் லோன்ல போட்டீங்கன்னா கடன் 3,20,000க்கு ஏறும், மாச தவணை கிட்டத்தட்ட 7,000.

இன்னொன்னு, யூனிவர்சிட்டிக்கே ஃபீஸ் பாக்கி வெச்சா பல இடத்துல சர்டிஃபிகேட்ட கைல குடுக்க மாட்டாங்க. வேலைக்கு சர்டிஃபிகேட் கேப்பாங்க, சர்டிஃபிகேட்டுக்கு காசு கேப்பாங்க, காசுக்கு வேலை வேணும், சுத்திட்டே இருக்க வேண்டியதுதான்.

டீச்சர் வேலை வேணாம்னு மூஞ்ச சுளிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஃபுன்சா லுஷாகா பர்சரி பாருங்க, டீச்சர் ஆகறவங்களுக்கு கவர்மெண்ட் தர்றது. எத்தன வருஷம் காசு வாங்கறீங்களோ அத்தன வருஷம் கவர்மெண்ட் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கணும், லைஃப் சயின்ஸுக்கும் தர்றாங்க. பிஎஸ்சி முடிச்சு ஒரு வருஷம் பிஜிசிஇ (டிகிரிக்கு அப்புறம் பண்ற டீச்சர் கோர்ஸ்) பண்ணாலும் வழி இருக்கு. ஆனா எங்க போஸ்டிங்னு நீங்க சொல்ல முடியாது, நம்ம டர்பன் ஃபீனிக்ஸ்லயே வேணும்னு அடம்பிடிக்க முடியாது, நடுவுல விட்டுட்டு வந்தா அந்த பர்சரியே கடனா மாறிடும்.

அப்புறம் ஓப்பன் டேல போய் கேண்டீன், கேம்பஸ் மட்டும் பார்த்துட்டு வராதீங்க. டிபார்ட்மெண்ட்ல இருக்கறவங்ககிட்ட நேரா கேளுங்க: போன வருஷம் ஹானர்ஸுக்கு எத்தன பேர எடுத்தீங்க, கடைசியா எடுத்த பிள்ளைக்கு மார்க் என்ன, அதுல எத்தன பேருக்கு காசு கிடைச்சுது?